ஏபிஎஸ் யூனிட்டின் அடியில் பிரேக் ஆயில் ஒழுகுகிறது, 2008 மாடல் பெட்ரோல் செடான். மாற்றவா, அடைக்கவா, தூக்கிவிடவா?

தாம்பரம்_டூரர்

வணக்கம் நண்பர்களே. வண்டி 2008 மாடல் பெட்ரோல் செடான், 1,40,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் லாக் ஆவதைத் தடுக்கும் அமைப்பு) உண்டு, ஈஎஸ்பி (வண்டி சறுக்கிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) கிடையாது. முடிச்சூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 2015 வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சொல்லித்தான் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள், அதில் எனக்குப் புகார் இல்லை.

இப்போது பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. ஊற்றி வைத்தால் கொஞ்ச நாளில் மறுபடி கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது. போன வாரம் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு வளைவில் சிவப்பு பிரேக் விளக்கு மின்னி அணைந்தது. சக்கரம் நான்கையும் கழற்றிப் பார்த்தாயிற்று, எங்கும் ஈரம் இல்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் ஏபிஎஸ் யூனிட் உட்கார்ந்திருக்கும் பிராக்கெட்டில் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து, கீழே இரும்பு தெரிகிறது. விரல் வைத்தால் வழவழப்பு. பெடல் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் எரியவில்லை.

கேட்ட இடமெல்லாம் வேறு வேறு பதில். கம்பெனி சர்வீஸில் “யூனிட் முழுசா மாத்தணும், 68,000, லேபர் தனி, சரக்கு வர ஒரு மாதம்” என்றார்கள். பக்கத்து மெக்கானிக் எம்-சீல் பசை வைத்து அடைத்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ஏபிஎஸ்ஸையே தூக்கிவிட்டு பைப்பை நேராக இணைத்துவிடலாம், 3,500 ரூபாயில் முடியும் என்கிறார். வண்டிக்கு ஆர்சி புதுப்பித்து இன்னும் வருஷங்கள் பாக்கி இருக்கின்றன. விற்கும் எண்ணமும் இல்லை. என்ன செய்யலாம்?

கிரீஸ்கை

முதல் வேலை, வண்டியை ஓட்டாதீர்கள். பெடல் கெட்டியாக இருப்பதை நம்ப வேண்டாம். டப்பாவில் ஆயில் இருக்கும்வரை பெடல் கெட்டியாகத்தான் இருக்கும்.

அடுத்தது, ஏபிஎஸ் யூனிட்தான் ஒழுகுகிறது என்று யார் பார்த்துச் சொன்னது? ஈரம் இருக்கும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) கசிந்தால் ஆயில் பைப் வழியாகவே இறங்கி யூனிட்டின் தலையில் சேர்ந்து அடியில் சொட்டும். டப்பாவுக்கும் மாஸ்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து போனாலும் இதே கதை. என் பட்டறைக்கு ‘ஏபிஎஸ் லீக்’ என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் யூனிட்டில் எந்தக் கோளாறும் இருக்காது.

இப்படிப் பாருங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும், பெட்ரோல் தேவையில்லை. பேட்டரி கம்பியைக் கழற்றி, யூனிட்டின் பெரிய சாக்கெட்டைப் பாலிதீன் போட்டு மூடி, மாஸ்டரிலிருந்து யூனிட்வரை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காற்று அடித்து நன்றாகக் காய வையுங்கள். யூனிட்டில் பைப் நட்டு ஆறு இருக்கும், மாஸ்டரிலிருந்து வருவது 2, சக்கரத்துக்குப் போவது 4. ஒவ்வொரு நட்டிலும் வெள்ளை டிஷ்யூ பேப்பரை மோதிரம் மாதிரி சுற்றிவிடுங்கள். யூனிட் பிளாக்கும் மோட்டாரும் சேரும் வரம்பில் ஒன்று. பிளாக்கும் ஈசியுவும் (யூனிட்டின் கம்ப்யூட்டர்) சேரும் வரம்பில் ஒன்று. மாஸ்டர், பூஸ்டருக்குள் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகம்) நுழையும் இடத்தில் ஒன்று. இப்போது பேட்டரியை மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, ஒருவரை உட்கார வைத்து பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். விட்டு விட்டு சில தடவை. அப்புறம் ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு காலையில் பாருங்கள். எந்தப் பேப்பர் நனைந்திருக்கிறது என்று மேலிருந்து கீழாகப் பார்க்கணும். உயரத்தில் நனைந்த பேப்பர்தான் குற்றவாளி, கீழே நனைந்தவை எல்லாம் வழிந்து வந்தவை.

பூஸ்டர் பக்கம் வெளியில் ஈரம் தெரியாமலும் இருக்கலாம். மாஸ்டரின் பின் சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள்ளேயே இறங்கிவிடும். இன்ஜினை அணைத்து, மாஸ்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை விட்டு, பைப்பைக் கழற்றாமலே கொஞ்சம் முன்னால் இழுத்தால் போதும், வாய் ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பைப் நட்டில் கசிந்தால் உங்களுக்கு யோகம். 68,000 இல்லை, சில நூறு ரூபாய் வேலை.

மதுரை_ஸ்டியரிங்

எதுக்கு இவ்வளவு பாடு? நம் ஊரில் 2019 ஏப்ரல் வரை காருக்கு ஏபிஎஸ் கட்டாயமே கிடையாது. அதுவரை நாமெல்லாம் ஊருக்குப் போய்த் திரும்பவில்லையா? 3,500-க்கு நேர் பைப் போடுங்க சார். 16 வயசு வண்டிக்கு 68,000 போடுவது கறிவேப்பிலை வாங்கக் கார் வைத்துப் போகிற கதை.

வால்வு_வாத்தியார்

மதுரை அண்ணன் சொல்வதில் செலவுக் கணக்கு சரி, பிரேக் கணக்கு தப்பு.

ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் பின் சக்கரத்துக்குப் போகும் லைனில் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு வால்வு இருக்கும், ப்ரபோர்ஷனிங் வால்வு என்பார்கள். வேகத்தில் பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் டயருக்குப் பிடிமானம் குறைகிறது. முன்னால் போகிற அழுத்தமே பின்னாலும் போனால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும், வண்டி சுற்றிக்கொள்ளும். ஏபிஎஸ் வந்த வண்டிகள் பலவற்றில் அந்த வால்வே கிடையாது. அந்த வேலையை ஏபிஎஸ் யூனிட்டுக்குள் இருக்கும் ஈபிடி (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு) பார்த்துக்கொள்கிறது. அதனால் யூனிட்டைத் தூக்கிவிட்டு டி-ஜாயின்ட் போட்டு இணைத்தால் கிடைப்பது ‘ஏபிஎஸ் இல்லாத பழைய கார்’ இல்லை. எந்தக் கம்பெனியும் செய்யாத, யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு கார். மெதுவாக ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. மழையில் திண்டிவனம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வரும்போது தெரியும்.

அதே மாடலின் ஏபிஎஸ் இல்லாத வேரியன்ட்டில் இருந்து மாஸ்டர், வால்வு, பைப் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றினால் தொழில்நுட்ப ரீதியில் அது வேறு பேச்சு. ஆனால் அப்போதும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி ஒரு காரணத்தைத்தான்.

மதுரை_ஸ்டியரிங்

வால்வு விஷயம் எனக்குப் புதுசு. எங்க ஏரியாவில் இப்படி ஓடுகிற வண்டி நிறைய உண்டு, அவர்களெல்லாம் நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரி, உங்க வண்டி, உங்க உயிர்.

கோவை_லேத்

எம்-சீல் யோசனையை யாரும் தொடவில்லையே, நான் தொடுகிறேன். காலை முழுசாக ஊன்றி மிதித்தால் பிரேக் லைனில் 100 பாருக்கு மேல் போகும். உங்கள் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். வெளியே பூசிய எந்தப் பசையும் அந்த அழுத்தத்துக்கு நிற்காது. அதைவிட மோசம், கொஞ்ச நாள் நிற்கும். நின்று நம்பிக்கை கொடுத்துவிட்டு ஒரு நாள் கைவிடும். பைப் நட்டில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் அதே ரகம். அந்த நட்டில் சீல் ஆவது மரை இல்லை, பைப்பின் விரிந்த வாய்தான். டேப் நூல் பிரிந்து உள்ளே போனால் வால்வில் மாட்டிக்கொள்ளும்.

தாம்பரம்_டூரர்

கிரீஸ்கை அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். தம்பி பெடலை மிதித்தான், நான் டார்ச்சும் கையுமாக நின்றேன்.

ஆறு நட்டும் பொரிந்த அப்பளம் மாதிரி காய்ந்தே இருக்கின்றன. மாஸ்டர், பூஸ்டர் வாய் இரண்டும் சுத்தம். காலையில் நனைந்திருந்தது மோட்டாரும் பிளாக்கும் சேரும் வரம்பில் வைத்த பேப்பர் மட்டும்தான். அதிலும் அடிப்பக்கம். நிறம் மஞ்சள் இல்லை, டீ டிகாக்ஷன் போல. பேப்பரில் பொடிப் பொடியாகத் துரு ஒட்டியிருந்தது. ஈசியு பக்கத்துப் பேப்பர் வெள்ளையாகவே இருக்கிறது. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன், பின்கள் பளிச்சென்று இருக்கின்றன.

கிரீஸ்கை

அப்படியானால் உண்மையிலேயே யூனிட்தான். யூனிட்டில் கோளாறே இல்லாத அந்தப் பாதிப் பேரில் நீங்கள் வராதது துரதிர்ஷ்டம். ஈசியு பக்கம் காய்ந்து இருப்பது நல்ல சேதி, அதை நினைவில் வையுங்கள், பிறகு பயன்படும்.

வண்டி நிற்கும்போது ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கி வையுங்கள். இல்லையென்றால் பேட்டரியையே கழற்றிவிடுங்கள்.

தாம்பரம்_டூரர்

ஃபியூஸ் எதற்கு? சாவி போட்டால்தானே கரன்ட் வரும்?

வால்வு_வாத்தியார்

மோட்டாருக்கும் வால்வுகளுக்கும் போகும் பெரிய ஃபியூஸ்கள் பேட்டரியிலிருந்து நேராக வருபவை. சாவியை எடுத்துக்கொண்டு நீங்கள் தூங்கப் போன பிறகும் அங்கே 12 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் சுமார் 34 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். 2010 முதல் 2019 வரையிலான பல மாடல்கள். ஏபிஎஸ் பகுதிக்குள் பிரேக் ஆயில் கசிந்து, ஷார்ட் ஆகி, ஓடும்போதோ நிற்கும்போதோ இன்ஜின் அறையில் தீப்பிடிக்கலாம் என்று சொல்லி, சரிசெய்யும்வரை வண்டியை வீட்டை விட்டுத் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தச் சொன்னார்கள். அங்கே கொடுத்த தீர்வு என்ன தெரியுமா? யூனிட் இல்லை, ஃபியூஸை மாற்றிக் கொடுத்தார்கள். கரன்ட் எல்லை மீறாமல் முன்கூட்டியே அறுந்துவிட வேண்டும் என்பதற்காக.

உங்கள் வண்டி வேறு, வருஷமும் வேறு. ஆனால் மோட்டார் பக்கம் ஆயில் கசிகிற எந்த யூனிட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. உள்ளே மோட்டார் தண்டின் நுனியில் ஒரு எக்சென்ட்ரிக் (மையம் விலகிச் சுற்றும் உருளை) இருக்கும், அது சுற்றும்போது இரு பக்கமும் உள்ள சின்ன பம்ப் பிஸ்டன்களைத் தள்ளும். அந்தப் பிஸ்டனின் சீல் தேய்ந்தால் ஆயில் எக்சென்ட்ரிக் இருக்கும் குழிக்குள் இறங்கும். குழி நிறைந்தால் அடுத்தது மோட்டார்தான். பிரஷ்ஷும் கார்பன் தூளும் இருக்கிற இடத்துக்கு ஆயில் போகிறது.

சீல் ஏன் தேய்ந்தது என்றால், ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 ஆயில் (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காமல் தாங்கணும். ஈரம் ஏறிய பிறகு தரக்கட்டுப்பாடு கேட்பது 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. கொதிநிலை பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பழைய வண்டிக்கு அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஈரம் பிஸ்டன் ஓடும் துளையை உள்ளிருந்தே அரிப்பது. சொரசொரப்பான துளையில் எந்த சீலும் நிற்காது. அதோடு வெள்ளத் தண்ணீர் மோட்டார் கேஸ்கெட் வழியாகப் போயிருந்தால் வெளியிலிருந்தும் துரு. உங்கள் பேப்பரில் ஒட்டியது அதுதான் என்பது என் ஊகம்.

தாம்பரம்_டூரர்

ஆயில் மாற்றிய ரசீது எதுவும் பழைய ஓனர் கொடுத்த ஃபைலில் இல்லை. நான் வாங்கிய பிறகு பேட் மாற்றும்போதெல்லாம் ‘டாப்-அப்’ தான். பேட்டரியைக் கழற்றிவிட்டேன். சீல் மட்டும் மாற்ற முடியாதா?

கிரீஸ்கை

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி இந்தப் பிளாக்குக்கு சீல் கிட் கொடுப்பதில்லை, அசெம்பிளியாகத்தான் கொடுக்கிறது. யாராவது ‘ஓ-ரிங் அளவு பார்த்து வெளியே வாங்கிப் போடுகிறேன்’ என்றால் வேண்டாம். பிரேக் ஆயிலுக்குத் தாங்கும் ரப்பர் ஈபிடிஎம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஓ-ரிங் நைட்ரைல். பிரேக் ஆயிலில் ஊறினால் கெட்டுப்போய்விடும்.

பனிநாட்டு_டிரைவர்

டொரண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள். பத்து வருஷ வண்டி என்றால் யூனிட்டைவிட அதற்குப் போகும் இரும்புப் பைப்புகள்தான் முதலில் போகும். யூனிட்டைக் கழற்றும்போது கவனம். சாதாரண ஓபன் ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலை மழுங்கும், இல்லை நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொள்ளும். ஃப்ளேர் நட் ஸ்பேனர் என்று தனியாகக் கிடைக்கும், 10 அல்லது 11 மில்லி, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே துருநீக்கி அடித்து ஊற விடுங்கள். முறுக்கிக்கொண்டால் அடம்பிடிக்காமல் பைப்பை வெட்டிவிட்டு பாக்ஸ் ஸ்பேனரில் நட்டை எடுத்துவிட்டு, புதுப் பைப் போடுவது மேல். இங்கே தாமிர-நிக்கல் பைப் போடுகிறார்கள், வளைக்கவும் எளிது, துருவும் பிடிக்காது.

பைப் நுனியின் விரிந்த வாய் (ஃப்ளேர்) எந்த ரகம் என்று பாருங்கள். டபுள் ஃப்ளேர் ஒன்று, பபிள் ஃப்ளேர் ஒன்று. ஒன்றின் இடத்தில் மற்றதை இறுக்கினால் முதலில் நிற்கிற மாதிரி நிற்கும்.

யாழ்_சாரதி

எங்கட பக்கம் இந்தப் பிரச்சினை வேற மாதிரி. யாழ்ப்பாணத்தில இப்ப கனபேரிட்ட ஜப்பான் ஹைபிரிட் வாகனம்தான். அதில பிரேக் பூஸ்டர், ஏபிஎஸ் எல்லாம் ஒரே அக்சுவேற்றருக்குள்ள. வெளியில ஒரு சொட்டும் ஒழுகாது, ஆனால் உள்ளுக்குள்ள அழுத்தம் நிக்காமல் பம்ப் அடிக்கடி ‘கிர்ர்’ எண்டு ஓடும். பிரேக்கைத் தொடாமல் சும்மா நிக்கேக்கையும் ஓடினால் அக்சுவேற்றர் கடைசிக் கட்டம். இதை வாசிக்கிற ஆரும் ஹைபிரிட்டில பைப்பைச் சும்மா கழட்டிப்போடாதேங்கோ. அக்கியூமுலேற்றருக்குள்ள (அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிற கலம்) 100 பாருக்கு மேல அழுத்தம் நிக்கும், ஸ்கானரால (வாகனத்தின்ர கம்ப்யூட்டரோட இணைக்கிற கருவி) முதல் இறக்கவேணும். டூரர் அண்ணையின்ர வாகனம் சாதாரணமானது, அவருக்கு இந்தப் பயம் இல்லை.

பாவிச்ச சாமான் எண்டால் நாங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போறது. அங்க சென்னையில புதுப்பேட்டை இருக்குத்தானே?

கிரீஸ்கை

இருக்கிறது தம்பி, அதற்குத்தான் வருகிறேன்.

டூரர், புது யூனிட்டுக்குப் பணம் இருந்தால் அதுதான் நேர் வழி, நான் மறுக்கவில்லை. இல்லையென்றால் பழைய யூனிட். அப்படி வாங்கும்போது எதைப் பார்க்கணும் என்றால், முதலில் நம்பர். யூனிட்டில் ஸ்டிக்கர் அல்லது பொறித்த எழுத்து இருக்கும், பிளாக்குக்கு ஒரு நம்பர், ஈசியுவுக்கு ஒரு நம்பர். ஒரே மாடல் என்று சொல்லிக் கொடுப்பார்கள், டீசல் வேரியன்ட்டுடையதாக இருக்கும், எடை கணக்கு வேறு. எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

வாய் திறந்து கிடக்கிற யூனிட்டைத் தொடாதீர்கள். மழையில் கிடந்ததற்குள் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. பைப்பை வெட்டி எடுத்து, அந்தத் துண்டுகள் இன்னும் மாட்டியிருக்கிற யூனிட்தான் நல்லது. ஒரு நட்டைத் தளர்த்தினால் உள்ளே இருந்து தெளிவான ஆயில் வரணும். கறுப்பாகவோ கலங்கலாகவோ வந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடை. கையில் ஒரு சிரிஞ்சு, புது ஆயில் கொண்டு போங்கள். மாஸ்டர் பக்கத்து வாயில் செலுத்தினால் சக்கரத்து வாய் இரண்டில் வரணும். கரன்ட் இல்லாதபோது வழி திறந்தே இருக்கிற அமைப்பு அது. மோட்டாருக்கு ஒரு நொடி 12 வோல்ட் கொடுத்தால் சுருக்கென்று சுற்றணும்.

இப்போது உங்கள் ஈசியு காய்ந்து இருந்ததன் பயன். பழைய யூனிட்டின் பிளாக்கையும் மோட்டாரையும் மட்டும் எடுத்து உங்கள் ஈசியுவை அதில் மாட்டலாம். கோடிங் வேலை (ஈசியுவை வண்டிக்கு ஏற்ப ஸ்கேனரில் பதிவது) மிச்சம். உங்கள் காலத்து யூனிட்களில் காயில்கள் ஈசியுவுக்குள் இருக்கும், வால்வு தண்டுகள் பிளாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். டார்க்ஸ் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு நேராக இழுத்தால் வந்துவிடும். சாய்த்து நெம்பினால் காயில் கோணிவிடும். எல்லா யூனிட்டும் இப்படிப் பிரியாது, பிரியாததைப் பிரிக்க வேண்டாம். நடுவில் இருக்கும் ரப்பர் கிழிந்தால் மெல்லிய கோடாக சிலிகான் விடலாம், ஆனால் வினிகர் வாடை அடிக்கிற ரகம் கூடாது, போர்டை அரிக்கும்.

வால்வு_வாத்தியார்

இங்கே நான் கிரீஸ்கையோடு ஒத்துப்போகவில்லை. பழைய யூனிட்டின் சீலுக்கும் அதே வயசு. வெளியில் ஒழுகவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். மற்ற எந்தப் பாகத்தையும் பழைய மார்க்கெட்டில் வாங்கலாம், பிரேக்கில் மட்டும் புதுசு என்பது என் கட்சி.

கிரீஸ்கை

கட்சி நல்ல கட்சிதான் வாத்தியாரே. ஆனால் 68,000 என்றதும் பத்தில் எட்டுப் பேர் எம்-சீலுக்குத்தான் போகிறார்கள். சோதித்துப் பார்த்த பழைய யூனிட் அதைவிட ஆயிரம் மடங்கு மேல். எங்கள் பட்டறை கணக்கு அது.

கோவை_லேத்

கழற்றும்போது ஒரு சின்ன வேலை. பெடலை இரண்டு அங்குலம் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிடுங்கள். மாஸ்டருக்குள் ஆயில் இறங்கும் துளை மூடிக்கொள்ளும், பைப்பைக் கழற்றினாலும் டப்பா காலியாகாது. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும். ஃபெண்டரில் பழைய துணி போடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட் போய்விடும், விழுந்தால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

தாம்பரம்_டூரர்

முடித்தாயிற்று, விவரம் எழுதுகிறேன்.

புதுப்பேட்டையில் காலையில் போய் வெயில் ஏறும்வரை சுற்றினேன். முதல் கடைகளில் கொடுத்ததெல்லாம் ஒன்று நம்பர் ஒத்துவரவில்லை, இல்லை வாய் திறந்து மண் அடைந்து கிடந்தது. ஒரு கடையில் பின்பக்கம் அடிபட்ட 2010 மாடல் வண்டியை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யூனிட் இன்னும் வண்டியிலேயே இருந்தது. இரண்டு நம்பரும் ஒத்தன. பைப்பை வெட்டித்தான் எடுக்கச் சொன்னேன், “பைப் வீணாப் போகுமே சார்” என்று முணுமுணுத்தார், பைப்புக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன். பேரம் பேசி 7,500. சிரிஞ்சை எடுத்து ஆயில் செலுத்தியபோது கடைப் பையன்கள் எல்லாம் கூடிவிட்டார்கள், டாக்டர் என்று கிண்டல் வேறு.

மாட்டியது நான் இல்லை, கிரீஸ்கை அண்ணன் சொன்ன முறையை ஒத்துக்கொண்ட ஒரு மெக்கானிக். ஸ்கேனர் இருக்கிறதா என்று முதலில் கேட்டேன், அதற்கப்புறம்தான் வண்டியை டோ செய்து கொண்டு போனேன். என் ஈசியு பழைய பிளாக்கிலிருந்து சுலபமாக வந்தது. மோட்டாரைக் கழற்றியதும் பார்க்கணுமே, குழிக்குள் தேங்கியிருந்தது ஆயிலா சேறா என்றே தெரியவில்லை. எக்சென்ட்ரிக் பேரிங்கில் செம்மண் நிறத்துத் துரு. மோட்டார் முகத்தில் இருந்த ரப்பரின் கீழ்ப்பகுதி விரலால் தொட்டதும் தூளாக உதிர்ந்தது. அங்கே எந்தப் பசை போட்டு எதை அடைப்பது?

பின்சக்கரப் பைப் நட்டு ஒன்று அசையவே இல்லை, டொரண்டோ நண்பர் சொன்னபடி வெட்டிவிட்டுப் புதுப் பைப் போட்டோம்.

ஏர் எடுப்பதுதான் (பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது) நேரம் பிடித்தது. முதலில் வழக்கம்போல சக்கரம் சக்கரமாக எடுத்தோம், என் வண்டி மேனுவலில் வலது பின், இடது முன், இடது பின், வலது முன் என்று குறுக்காகப் போட்டிருக்கிறது. பெடல் வந்தது, ஆனால் பஞ்சு மாதிரி. அப்புறம் ஸ்கேனரில் ஏபிஎஸ் பிளீடிங் ஓட்டினார். மோட்டார் கடகடவென்று ஓட, வால்வுகள் டிக் டிக் என்று அடிக்க, ஒவ்வொரு சக்கரத்திலும் டியூபில் பொடிக் குமிழ்கள் வந்தன. மறுபடி கையால் ஒரு சுற்று. இப்போது பெடல் மேலேயே நிற்கிறது. டாட் 4 ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் போயிற்று, வரும் நிறம் தெளியும்வரை விட்டோம்.

காலி மைதானத்தில் மண்ணில் பிரேக் அடித்துப் பார்த்தார், ஏபிஎஸ் காலில் தட்டியது. யூனிட், பைப், ஆயில், கூலி, டோ எல்லாம் சேர்த்து 16,000-க்குள் முடிந்தது. டிஷ்யூ பேப்பரை இன்னும் எடுக்கவில்லை, அவ்வப்போது பார்க்கிறேன், வெள்ளையாகவே இருக்கிறது.

வால்வு_வாத்தியார்

மகிழ்ச்சி. என் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் செய்த வேலை சுத்தமான வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மொத்தமாக மாற்றுங்கள், டாப்-அப் போதாது.

மதுரை_ஸ்டியரிங்

16,000-ஆ? அப்போது நானும் ஒத்துக்கொள்கிறேன். ஸ்கேனர் இல்லாத ஊரில் என்ன செய்வதாம்?

கிரீஸ்கை

யூனிட்டை மாட்டுவதற்கு முன்பே சிரிஞ்சால் ஆயில் நிரப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. மீதிக்கு ஸ்கேனர் இருக்கிறவரைக் கூப்பிட்டு வரச் சொல்லுங்கள், இப்போது சின்ன ஊரிலும் ஒருவராவது இருக்கிறார். மண் ரோட்டில் ஏபிஎஸ்ஸை வேலை செய்ய வைத்து மறுபடி ஏர் எடுக்கிற பழைய முறையும் உண்டு. பெடல் ஏற்கெனவே நன்றாக நிற்கிறது என்றால் மட்டும். பஞ்சுப் பெடலோடு ரோட்டில் இறங்கக் கூடாது.

சேலம்_புதுசு

புது உறுப்பினர். இழை முழுவதும் படித்தேன். எனக்கு ஆயில் குறையவே இல்லை, எங்கும் ஈரமும் இல்லை. ஆனால் சிக்னலில் மிதித்துக்கொண்டு நின்றால் பெடல் மெதுவாக இறங்குகிறது. இதுவும் ஏபிஎஸ் யூனிட்தானா? அப்புறம் டாட் 5 போட்டால் ஈரம் ஏறாது என்கிறார்களே?

கிரீஸ்கை

டாட் 5 சிலிகான், ஏபிஎஸ் வண்டியில் போடவே கூடாது. டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் ரகம், டாட் 4 இருக்கும் இடத்தில் போடலாம். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

பெடல் இறங்குவது பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர். மாஸ்டரின் இரண்டு வாயிலும் பைப்பைக் கழற்றிவிட்டு அதே மரையுள்ள அடைப்பான் போட்டு, ஏர் எடுத்துவிட்டு மிதியுங்கள். அப்போதும் இறங்கினால் மாஸ்டரை மாற்றுங்கள், ஏபிஎஸ்ஸை மறந்துவிடுங்கள். கல் மாதிரி நின்றால் பைப்பை மாட்டி ஏர் எடுத்துவிட்டு, சக்கரத்து ரப்பர் ஹோஸ் நான்கையும் அதற்கான கிளாம்ப்பால் பிடித்துப் பாருங்கள். அதற்கப்புறமும் இறங்கினால்தான் யூனிட்டுக்குள் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படணும். அப்படி இருந்தால் பெடல் தரைவரை போகாது, கொஞ்சம் இறங்கி ஒரு இடத்தில் நின்றுவிடும். உங்களுக்கு எதுவரை போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், வண்டி மாடலையும் எழுதுங்கள்.